தினம் ஒரு தாரம்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். குடும்பஸ்தர்கள் எல்லாரும் தினம் ராத்திரி சாப்பிட்டானதும் ஒரு புதுப் பெண்டாட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும், உபயோகித்து முடித்ததும் அவளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்று சித்தூரில் நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தவன் நான். அதுவும் ஆஸ்பத்திரிச் செலவில்.

எழுதும்போது சுயநினைவோடுதான் இருந்தேன். பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்வது எப்படி என்பதைத்தான் எழுதினேன். அச்சாகி வந்தது வேறாக இருந்தது. அதனால் திருப்பதியில் ஒரு பெரியவரின் முன்பல்லும், அந்தப் பல்லை நம்பி அவர் கோயில் கோஷ்டியில் வகித்த இடமும் போகப் பார்த்தன. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் ஏசுபாதம். பெயரில் பாதம், பிழைப்பு வாயில். பல தலைமுறையாகச் சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் ஹைஜீனிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றேன். ஹைஜீனிஸ்ட் என்றால் டாக்டர் இல்லை; டாக்டர் வருவதற்கு முன்னால் வாயைப் பெருக்கித் துடைத்து வைக்கிற ஆள். ஊரில் 'பல்லு கழுவுறவரு' என்பார்கள். பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் எங்கள் நைனா, "ஆஸ்பத்திரியில கீறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். நோயாளியாக இருக்கிறேன் என்று நினைத்தாலும் அவருக்குச் சம்மதம்தான்.

இப்போது அந்தப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் மௌனிகா. போன மாதம் போயிருந்தபோது, பல் இடுக்கில் தண்ணீர் பீய்ச்சும் புது மெஷின் ஒன்றைப் பெருமையாகக் காட்டினாள். நான் பொத்தானை அழுத்தினேன். எதிரே நின்ற நர்ஸ் நனைந்தார். "சார், நீங்க நூலோடயே இருந்துக்குங்க. அந்த தாரம் கதைய எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்," என்றாள். மெஷினைக் கீழே வைக்க வைப்பதற்காக அப்படிச் சொன்னாளோ என்னவோ, நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பிளாஸ்டர் பல்லைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன், பிறகு மனிதப் பல்லை. இரண்டில் பிளாஸ்டர்தான் உத்தமம். கடிக்காது.

வேலையை நிஜமாகக் கற்றுக்கொடுத்தது டாக்டர் வசுந்தரா. நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கு அம்மாள். அவர் மாஸ்க்கைக் கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவருக்குப் பல் இருக்கிறதா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. நோயாளியின் பெயரைக் கேட்க மாட்டார். ஊரைக் கேட்க மாட்டார். "ஆ" என்பார். வாய் திறந்ததும் ஈறைப் பார்த்து, "ரக்தமா?" என்பார். ரத்தம் வருகிறதா என்று அர்த்தம். வருகிறது என்றால் ஒரு தலையாட்டல், வரவில்லை என்றால் அதைவிடச் சின்னத் தலையாட்டல். கலெக்டர் ஆபீஸ்காரர்களுக்கும் கறிவேப்பிலை விற்பவருக்கும் அதே 'ஆ'தான்.

திங்கட்கிழமை காலையில் அவர் எங்களையே வரிசையாக நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்வார். ஊருக்கு நூல் விடச் சொல்கிறவன் தன் பல்லுக்கு விட்டானா என்று பார்ப்பதற்கு. நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் பக்தியோடு நூல் விட்டுவிட்டுப் போவேன். வாரம் முழுக்கச் சும்மா இருந்த ஈறு ஒரே நாளில் நூலைப் பார்த்தால் மறுநாளும் சிவந்துதான் கிடக்கும். அம்மாள் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, "நின்னேனா?" என்பார். நேற்றுதானா? ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வருகிற கிறிஸ்தவனைப் பார்த்து எங்கள் பாஸ்டர்கூட அவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே என் மொழி ஞானத்துக்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. பங்காருபாளையத்தில் இலவச முகாம். தெலுங்கில் பள்ளு என்றால் பல்லும்தான், பழமும்தான். நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "உசிதங்கா பள்ளு பரீட்ச சேஸ்தாம், அந்தரூ ரண்டி" என்று ஊர் முழுக்கக் கத்தினேன். இலவசமாகப் பல்லைப் பரிசோதிக்கிறோம், எல்லாரும் வாருங்கள். அது மாம்பழக் காலம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் முகாம் வாசலில் கூடை கூடையாகப் பழத்தோடு தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் மேஜைமேல் ஒரு பங்கனபள்ளியை வைத்தார். டாக்டரம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஆரோக்யங்கா உந்தி. நெக்ஸ்ட்," என்றார். ஆரோக்கியமாக இருக்கிறதாம். சிரிக்கவில்லை. பிறகு நார் உள்ள பழமாகப் பார்த்து அறுத்து எல்லாரையும் தின்னச் சொல்லி, பல்லில் மாட்டிய நாரை நூல் விட்டு எடுக்கும் விதத்தை அங்கேயே கற்றுக்கொடுத்தார். நான் நடத்திய முகாம்களிலேயே உருப்படியானது அதுதான். என்னால் கெட்டு, அவரால் தேறியது.

அவர் கற்றுக்கொடுத்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கதைக்கு அது தேவை. உங்கள் வாய்க்கும் தேவை. முழங்கை அளவுக்கு நூல். முக்கால்வாசியை ஒரு கையின் நடுவிரலில் சுற்றிக்கொள்ள வேண்டும், மிச்சத்தை மறு கையின் நடுவிரலில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடத்தில் ஒரு விரற்கடை நூல் விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டு பல்லுக்கு நடுவே அதை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இறக்க வேண்டும். 'டக்'கென்று இறக்கினால் ஈறு கிழியும். பிறகு நூல்மேல் பழி போடுவீர்கள். இறங்கியதும்தான் வேலையே. நூல் ஒரு பல்லின் பக்கவாட்டை அரைவட்டமாக அணைத்துக்கொள்ள வேண்டும். அணைத்தபடியே ஈறின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே வரை போய், மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். அப்புறம் அதே இடுக்கில் எதிர்ப்பக்கத்துப் பல்லை அணைக்க வேண்டும். பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிடுவார்கள். அடுத்த இடுக்குக்குப் போகும்போது நூலில் புதுப் பகுதியை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். கடைக்கோடிப் பல்லுக்குப் பின்னால் அண்டைவீடு இல்லை என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. ஈறு வீங்கியிருந்தால் முதல் சில நாள் ரத்தம் கசியும். கசிகிறதே என்று நிறுத்தினால் கசிந்துகொண்டேதான் இருக்கும். விடாமல் செய்தும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் எங்கள் பக்கத்தில் ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி, பிரியாணிக்குப் பிறகு பஸ் டிக்கெட்டின் மடித்த மூலை என்று கிடைத்ததை எல்லாம் பல்லில் விட்டு நோண்டுவார்கள். கண்டக்டர் மெஷின் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்த பிறகு காகிதம் மெலிந்துபோய்விட்டது. அதில் சிலர் மனம் நொந்து நூலுக்கு வந்தார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் டாக்டரம்மா, தெலுங்கு நோட்டீஸ் இருக்கிறது, தமிழ் நோயாளிகளுக்குத் தமிழில் ஒன்று வேண்டும், நீ தமிழன்தானே, நீயே எழுது என்றார். நான் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் கற்றது. எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்குப் போடும் நூலைத் தெலுங்கில் சொல்வதுபோல் தாரம் என்றுதான் சொல்வோம். சொல்லும்போது 'தானம்' என்பதில் வருவதுபோல் 'தா'வை அழுத்திச் சொல்வோம். எழுதும்போது தமிழில் இருப்பது ஒரே ஒரு 'தா'. தமிழில் தாரம் என்றால் பெண்டாட்டி என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் பொண்டாட்டி, சபையில் மனைவி. மூன்றாவதாக ஒரு வார்த்தைக்கு எனக்கு அவசியம் ஏற்பட்டதில்லை. பிரஸ்காரரும் தெலுங்கர். நோட்டீஸ் இப்படி வந்தது:

"தினமும் இரவு உணவுக்குப் பின் புதிய தாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். தாரத்தை இரு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கவும். தளர விட்டால் பயன் இல்லை. ஒரு முறை உபயோகித்த தாரத்தை மறுநாள் உபயோகிப்பது சுகாதாரக் கேடு. ஒரே தாரத்தைக் குடும்பத்தில் பலர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பழைய தாரத்தைத் தெருவில் எறியாமல் குப்பைத் தொட்டியில் போடவும்."

அச்சு மை வாசனையோடு அதை முதலில் வாங்கிக்கொண்டு போனவர் வரதன் சுவாமி.

திருப்பதிக்காரர். பரம்பரையாகப் பாசுரம் சேவிக்கும் வைஷ்ணவக் குடும்பம். உற்சவத்தில் பாசுரம் பாடும் கோஷ்டி புறப்படும்போது முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் எடுத்த பிறகே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். திருப்பதியில் பல் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் மாலைக்குள் அவருடைய பங்காளிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பங்காளி, சுவாமிக்கு ஒரு மாதம் இருமல் வந்தபோதே முதல் அடியை எடுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றவராம். ஆகவே பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்தார்.

"ஆ," என்றார் டாக்டரம்மா.

மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடியது. சுற்றிலும் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். பல்லுக்குப் பின்னால் காரை, கட்டடம் கட்டிய மாதிரி.

"பாசுரத்திலே 'த' வந்தா நாக்கு அந்தப் பல்லைத் தொடணும். தொடப் பயந்துண்டு பாதியிலே நின்னுடறது. அப்புறம் 'த'வும் இல்லை, 'ச'வும் இல்லை, வெறும் காத்துதான் வரது," என்றார் சுவாமி.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "பீக்கேத்தாம்," என்றார். பிடுங்கிவிடலாம். பக்கத்துப் பற்களும் பலவீனமாக இருப்பதால் அவற்றின்மேல் பாலம் போட்டு நிரந்தரப் பல் கட்ட முடியாது, கழற்றி மாட்டும் பல்தான் என்று விளக்கினார்.

"கழட்டி மாட்டற பல்லா?" சுவாமி யோசித்தார். "நான் முதல் அடி எடுக்கறச்சே அது எனக்கு முன்னாடி போய் விழுந்து, பங்காளி அதைத் தாண்டிண்டு வந்து ரெண்டாவது அடி எடுக்கறதுக்கா?"

டாக்டரம்மாவின் மாஸ்க் கொஞ்சம் அசைந்தது. சிரித்திருக்கலாம். ஒரு தவணை கொடுத்தார். ஆழமாகச் சுத்தம் செய்து காரையை எடுத்துவிடுவது. தினம் இருவேளை பிரஷ், ராத்திரி நூல். உற்சவத்துக்கு முன்னால் ஒருமுறை வர வேண்டும். ஈறோரத்தில் கருவியை வைத்துப் பார்ப்பார். ரத்தம் வரக் கூடாது, ஆட்டம் குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பீக்கேத்தாம்.

நான் காரையை எடுத்தேன். சுவாமி பல தடவை வந்து உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இது எம் பல்லா, உம்ம சுரங்கமா?" என்பார். கடைசி நாளில் நூல் டப்பியையும் நோட்டீஸையும் கையில் கொடுத்து, "சாமி, எல்லாம் இதுல எழுதிக்கீது. இதும்படி தவறாம செஞ்சா போதும்," என்றேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். மறுபடி படித்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "தவறாமலா?" என்றார்.

"தவறாம, சாமி. தெனமும்."

நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவருடைய மனைவி செங்கமலம் மாமி வந்தார். ஒன்பது கஜம் புடவை, கையில் என் நோட்டீஸ்.

"இதை எழுதினது யாரு?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "நான்தான்மா."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?"

"ஆயிடுச்சும்மா."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்மா. ஏன்?"

"தினம் புதுசா எடுத்துக்கோங்கோன்னு ஊருக்கு எழுதியிருக்கேளே, அதான் கேட்டேன்." மாமி நோட்டீஸை விரித்தார். "இதை அவர் ராத்திரி தளிகை ஆனதும் எனக்கு உரக்க வாசிச்சுக் காமிச்சார். ஆஸ்பத்திரி முத்திரையோட இருக்கு பாருன்னார். 'இறுக்கிப் பிடிக்கணுமாம், தளர விட்டா பிரயோஜனம் இல்லையாம்'னார். அப்புறம், 'தினம் புதுசா? இந்த வயசுக்கு என்னாலே ஆகாதுடி, இந்த வைத்தியமே வேண்டாம்'னு டப்பியைப் பரண்மேலே போட்டுட்டார்."

வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்து முடித்து, தெலுங்குக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து என்ன விஷயம் என்றார். "தமிழ்ல தாரம்னா பார்யா அர்த்தமாம், மேடம்," என்றேன். பார்யா, பெண்டாட்டி. நோட்டீஸில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் வரி வரியாகச் சொல்ல வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிங்கிள் யூஸா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டார். மீதி நோட்டீஸ்களை அன்றைக்கே கிழித்தோம். 'நூல்' என்று திருத்தி மறுபடி அடித்தது என் செலவு.

ஆனால் மாமி போகவில்லை. "வேடிக்கை இருக்கட்டும். அவர் நூல் விடாததுக்கு உங்க நோட்டீஸ் ஒரு சாக்கு. அதை வாசிக்கறதுக்கு முதல் நாள் விட்டுப் பார்த்தார், ரத்தம் வந்துது. வாயிலே ரத்தத்தோட சந்நிதிக்குப் போகப்படாதுன்னு நிறுத்திட்டார். பிடுங்கினாலும் ரத்தம்தானேன்னா பஞ்சாங்கத்தைப் பிரிச்சுண்டு உக்காந்துடறார். உற்சவம் வந்துண்டே இருக்கு. முதல் அடி அவர் வாயிலேர்ந்து வரணும். நான் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து அதுதான் கேட்டிண்டிருக்கேன். பங்காளி குரலை நான் கேக்கமாட்டேன்."

பிளாஸ்டர் பல்வரிசையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். நூலை நடுவிரலில் சுற்றினார். பூத்தொடுக்கிற கை; இழுவை அவருக்குத் தெரியும். அரைவட்டமாக அணைப்பதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ராத்திரி துன்னு முடிச்ச பெறகு செய்யச் சொல்லுங்கம்மா. ரத்தம் வந்தாலும் கொப்பளிச்சிட்டுப் படுத்துக்குவாரு. காலைல தலைக்கு ஸ்நானம் பண்ணிக்கினுதானே சந்நிதிக்குப் போறாரு? கொஞ்ச நாள்ல ரத்தம் தானா நின்னுடும்."

"தானா நிக்காது. நான் நிறுத்தறேன்," என்றார் மாமி.

எப்படி நிறுத்தினார் என்பது பிறகு அவர் போனில் சொல்லித்தான் தெரியும். சாப்பாடு ஆனதும் நூலும் கண்ணாடியும் இலைக்குப் பக்கத்திலேயே வரும். சுவாமி நூல் விடாமல் எழுந்தால் மாமி படுக்கை விரிக்க மாட்டாராம். விட்டேன் என்று சொன்னால் நூலைக் காட்டச் சொல்வாராம். ஒருநாள் சுவாமி தோட்டத்து வாழைநாரைக் கிழித்துக் காட்டி ஏமாற்றப் பார்த்தாராம். அதற்கு அடுத்த நாளிலிருந்து மாமி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து, "அந்தப் பக்கத்தை அணைக்கலை, மறுபடி," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு அத்தனை வருஷம் செய்யாத மேற்பார்வை அது.

தவணை நாளன்று இருவருமே வந்தார்கள். சுவாமி நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மாமி சுவரோரம் நின்றார். டாக்டரம்மா கருவியை எடுத்தார்.

"ஆ."

முன்பல்லின் ஓரத்தில் மெல்லிய முனையை இறக்கினார். ஒரு பக்கம். பின்பக்கம். மறு பக்கம். எடுத்துவிட்டுக் காத்திருந்தார். ரத்தம் வருவதென்றால் உடனே வராது, கொஞ்சம் யோசித்துதான் வரும். என் கையில் பஞ்சு இருந்தது. நான் பஞ்சைப் பார்த்தேன், ஈறைப் பார்த்தேன், பல் பிடுங்கும் கருவிகள் வைத்திருந்த தட்டைப் பார்த்தேன். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் அப்படியே இருந்தது. டாக்டரம்மா இரண்டு கருவிப் பிடிகளுக்கு நடுவே பல்லை வைத்து அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் அசைந்தது. முன்பு அசைந்த மாதிரி இல்லை. மறுபடி அசைத்தார்.

"உண்டனீ," என்றார். இருக்கட்டும்.

மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவாமி அப்போதும் வாயை மூடவில்லை. மூடலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உற்சவத்துக்கு நான் திருப்பதிக்குப் போனேன். பாஸ்டருக்குத் தெரிந்தால் தெரியட்டும், நான் போனது ஒரு பல்லைப் பார்க்க. மாட வீதியில் கூட்டத்தின் ஓரமாக மாமி இடம் பிடித்து வைத்திருந்தார். கோஷ்டி வந்தது. முன்வரிசை நடுவில் சுவாமி. அவருக்கு வலப்பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருவர். அவர்தான் பங்காளி என்று மாமி சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் நின்றார்கள். சுவாமி மூச்சை இழுத்தார். முதல் அடியில் 'த' வந்தது. சந்நிதிக் கதவுக்குத் தாழ் விழுகிற மாதிரி, நாக்கு பல்லில் பட்டு, சுத்தமாக, தெருக்கோடி வரை கேட்டது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. உதடு மட்டும் அவரோடு கூடவே அசைந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது சுவாமி ஒரு கடை ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமி நாலடி தள்ளித் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அருகில் போனேன். நாலு நல்ல வார்த்தை கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம் என்று ஆசை.

"சாமி, மெய்யா சொல்லுங்க. நான் காரை எடுத்ததா, நூலா, டாக்டரம்மா கைராசியா? அந்தப் பல்லு பிடுங்காம நின்னுக்கினு கீதே, அது எதுனால?"

சுவாமி மாமி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ பிடுங்கல் தாங்காமத்தான்."